பதினாலாம் படுக்கைக்கு ஆள் உண்டு

எங்கள் வார்டில் பென்சிலால் வட்டம் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நழுவப் பார்க்கிறேன் என்று தோன்றும்.

விருத்தாசலத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். அதில் பெண்கள் பொது வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இருபத்தெட்டுக் கட்டில். காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரையிலான ஷிப்டில் நானும் ஒரு ஜூனியர் பெண்ணும் மட்டும். முன்பு நான்கு பேர் இருந்தோம். படித்து முடித்து வருகிற பெண்கள் ஒரு வருஷம் எங்களிடம் கை பழகிக்கொண்டு சென்னைக்கோ சவுதிக்கோ போய்விடுகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் போயிருப்பேன், கல்யாணம் முந்திக்கொண்டது.

இருபத்தெட்டு பேருக்கு இரண்டு பேர் என்றால் எல்லாருக்கும் எல்லாமும் செய்ய முடியாது. எதை விடுவது என்று எந்த நர்சிங் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை, ஆனால் எல்லா நர்ஸுக்கும் தெரியும். ஊசியை விட முடியாது, டாக்டர் கேட்பார். சலைன் பாட்டிலை விட முடியாது, காலியானால் பக்கத்துக் கட்டில்காரரே சத்தம் போடுவார். முதலில் விடுவது பேச்சு. அடுத்து வாய் கழுவி விடுவது, தலை வாரி விடுவது. அதற்கும் அடுத்து, அசைய முடியாதவர்களை இரண்டு மணிக்கொரு தடவை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைப்பது. திருப்பாவிட்டால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. அதனால்தான் அது விட்டுப்போகிறது.

அதற்குத்தான் வட்டம். ஷிப்ட் மாறும்போது அடுத்தவர்களிடம் கொடுக்கிற தாளில் கட்டில் எண்கள் வரிசையாக இருக்கும். கூடவே துணைக்கு ஆள் இருக்கிற நோயாளியின் எண்ணைச் சுற்றி நான் பென்சிலால் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் இருந்தால் சாப்பாடு, பெட் பேன், திருப்புவது எல்லாம் அந்த ஆள் பார்த்துக்கொள்வார், போகிறபோக்கில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். வட்டம் இல்லாதவர்களுக்கு நாங்கள் போக வேண்டும். இருக்கிற நேரத்தை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது நியாயம்தானே என்று நினைத்தேன். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். மற்ற வார்டுகளிலும் வட்டம் போட ஆரம்பித்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது, மறைக்க மாட்டேன்.

போன கோடையில் ஒரு திங்கட்கிழமை மதியம் பதினாலாம் கட்டிலுக்கு ஒரு பாயம்மா வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். பக்கவாதம். வலப்பக்கம் கையும் காலும் விழுந்து, பேச்சும் போயிருந்தது. கணவர் இறந்து பல வருஷம். இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில், ஒருவர் குவைத், ஒருவர் துபாய். வீட்டில் விழுந்து கிடந்தவரைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆட்டோவில் வைத்துக் கூட்டி வந்தார். கையெழுத்துப் போட்டார், மருந்து வாங்கி வந்தார், "பெரிய மகனுக்குப் போன் போட்டாச்சு சிஸ்டர், டிக்கெட் பாக்கறாரு. நான் வூட்ல கொழந்தைங்கள வுட்டுட்டு வந்திருக்கேன், போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்மிஷன் தாளில் மனித உருவம் ஒன்று அச்சடித்திருக்கும், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. உடம்பில் எங்காவது காயமோ புண்ணோ இருந்தால் அதில் குறிக்க வேண்டும். அன்று பாயம்மாவின் முதுகை நான் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. "புண் இல்லை" என்று எழுத வேண்டிய நேரத்தில் மூன்றாம் கட்டிலில் வாந்தி என்று கூப்பிட்டார்கள். அந்த இடம் வெறுமையாகவே நின்றுவிட்டது.

மறுநாள் காலை நான் வந்தபோது பதினாலின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். செராமிக் கம்பெனியில் வேலை பார்ப்பவள் என்பது நகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. எவ்வளவு கழுவினாலும் அந்த வெள்ளை மண் நக இடுக்கை விட்டுப் போகாது. பாயம்மாவின் முகத்தில் உட்கார்ந்த ஈயை முந்தானையால் ஓட்டிக்கொண்டிருந்தாள். பதினைந்தில் ஒரு வயதான அம்மா, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவருடைய மகன் அப்போதுதான் இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். சரி, பதினைந்துக்கு மகன், பதினாலுக்கு இந்தப் பெண் என்று நான் முடிவு கட்டினேன். இரண்டு எண்ணுக்கும் வட்டம் போட்டேன்.

அந்தப் பெண் பதினைந்தின் மருமகள். பதினைந்துக்கு மேலே இருந்த ஃபேன் ஓடவில்லை, வெயில் கொளுத்தியது. ஓடுகிற ஃபேன் பதினாலின் தலைமாட்டுக்கு மேலே இருந்தது. அதனால் அங்கே ஸ்டூல் போட்டாள். இட்லி கொண்டுவந்தவர் அவளுடைய கணவர், தினமும் காலையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். இவ்வளவுதான் விஷயம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கேட்காமலும் இல்லை. ஒவ்வொரு நாளும் மருந்துத் தட்டோடு அந்தப் பக்கம் போகும்போது, "ஏம்மா, திருப்பினியா?" என்று கேட்பேன். "திருப்பிட்டேன் சிஸ்டர்" என்பாள். அவள் சொன்னது மாமியாரைப் பற்றி. நான் டிக் போட்டது பதினாலுக்கு.

பாயம்மாவுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தது. கஞ்சியும் பாலும் நாங்களே ஊற்றினோம், மருந்து நாங்களே கொடுத்தோம், பிரஷர் பார்த்தோம். துணி மாற்ற வரும் ஆயாம்மா காலையில் ஒரு தடவை லேசாகத் தூக்கி இழுத்து மாற்றிவிட்டு ஓடுவார், அவருக்கு இரண்டு வார்டு. மற்ற நேரமெல்லாம் பாயம்மா மல்லாந்தபடியே கிடந்தார். நல்லாயிருந்த இடக் கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். மோதிர விரலில் ஒரு வெள்ளி மோதிரம், அது கம்பியில் பட்டு டொக் டொக் என்று கேட்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். புதன்கிழமை போய், "தட்டாதீங்கம்மா, பக்கத்துல தூங்கறாங்க பாருங்க" என்று கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு வந்தேன். அவர் என்னை விடாமல் பார்த்தார். எனக்கு நிற்க நேரமில்லை.

வியாழக்கிழமை காலை, நான் மாத்திரை கொடுத்துக்கொண்டு வரும்போது செராமிக் கம்பெனிப் பெண் எழுந்து நின்றாள்.

"சிஸ்டர், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளு."

"இந்த பாயம்மாவ மட்டும் ஏன் மல்லாக்கவே போட்டு வச்சிருக்கீங்க? வாதம் வந்தவங்கள அசைக்கக் கூடாதா?"

"ஏம்மா, திருப்பிட்டேன்னு நீதானே தெனமும் சொன்ன?"

"நான் எங்க மாமியார சொன்னேன் சிஸ்டர். இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. வாய் காஞ்சி கெடந்தாங்கன்னு தண்ணியில துணிய நனைச்சி ஒதட்டுல தொட்டு வெச்சேன், அவ்ளோதான்."

கையில் இருந்த தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. ஜூனியர் பெண்ணைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக பாயம்மாவை இடப்பக்கம் திருப்பினோம். இடுப்பு எலும்புக்குக் கீழே, முதுகு முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பு. நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. ஜூனியர் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. திருப்பிய சிறிது நேரத்தில் பாயம்மாவின் கை தட்டுவதை நிறுத்தியது. மூன்று நாளாக அவர் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

மருமகள் ஒதுங்கி நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் தொட்டிருக்கலாம் சிஸ்டர். எங்க கம்பெனியில ஒருத்தர் செஞ்சி வெச்ச பலகையில இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. பச்சை மண்ணுல கை பட்டா கோணிக்கும்னு சூப்பர்வைசரு திட்டுவாரு. அதே நெனப்புல இருந்துட்டேன்." நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். தவறு யாருடையது என்று எனக்குத் தெரியும், அவள் அழுதது எனக்குக் கூடுதல் தண்டனையாக இருந்தது.

இன்சார்ஜ் சிஸ்டர் வந்து பார்த்தார். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கிறது அவருக்கு. கெட்டவர் இல்லை, என்னை வேலைக்குப் பழக்கியவரே அவர்தான். கேஸ் ஷீட்டைப் புரட்டி, அந்த வெறுமையான உருவத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒண்ணுமே எழுதலியே நீ."

"நேரம் இல்ல சிஸ்டர். ஆனா நான் பார்த்தேன். சுத்தமா இருந்தாங்க."

"நீ பாத்தது உனக்குத்தான தெரியும். வரும்போதே இருந்துச்சுன்னு குறிச்சிடு. வூட்ல தனியா விழுந்து கெடந்தவங்கதானே."

நான் பதினாலாம் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"யோசிக்காத. உன்னையும் அந்த ஜூனியர் பொண்ணையும் அனுப்பிட்டாங்கன்னா நாளைக்கு இருபத்தெட்டு பேர யாரு பாக்கறது? நானா?"

பேனாவை எடுத்தேன், எடுத்துவிட்டு வைத்தேன். கடைசியில் பென்சிலால் அந்தப் பின்பக்க உருவத்தின் இடுப்பில் சின்னதாக ஒரு குறி போட்டேன். பிறகு மையால் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பென்சில் என்றால் பாதிப் பொய்தான் என்று நினைத்தேனோ என்னவோ. பதினாலுக்கான வட்டத்தை மட்டும் அழித்தேன். காற்றுப் படுக்கை வரவழைத்துப் போட்டோம். புண்ணைக் கழுவிக் கட்டினேன். வெள்ளிக்கிழமை என் ஷிப்டில் இரண்டு மணிக்கொரு தடவை நானே போய்த் திருப்பினேன். அந்த நேரத்தில் வேறு யாருக்கு என்ன விட்டுப்போனது என்று தெரியாது. நிச்சயம் ஏதாவது விட்டுப்போயிருக்கும்.

சனிக்கிழமை காலை மூத்த மகன் வந்தார், ஏர்போர்ட்டிலிருந்து நேராக. முப்பத்தைந்து வயது இருக்கலாம், தோளில் பை, கசங்கிய சட்டை. குவைத்தில் டிரைவர் வேலை. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்து, "அக்கா, ஒங்கள வீடியோவுல பாத்தேன். பக்கத்து வூட்டு அக்கா சாயங்காலம் வந்து போன்ல அம்மாவக் காட்டினாங்கல்ல, அப்ப. ஆஸ்பத்திரியில ஆளு போட்டிருக்காங்க போலன்னு மனசு கொஞ்சம் ஆறுச்சு" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஏமாந்த மாதிரியே குவைத்தில் இருந்தபடி அவரும் ஏமாந்திருக்கிறார்.

கட்டு மாற்றும்போது அவர் புண்ணைப் பார்த்துவிட்டார். நேராக வெளியே போனார். இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டிருக்கிறார், அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறார். நான் வராந்தாவில் மருந்து எடுக்கப் போனபோது மகன் சுவரில் சாய்ந்து நின்று போனில் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். குரல் உயரவில்லை, ஆனால் உடைந்திருந்தது.

"வரும்போதே இருந்துச்சாம்டா. அப்ப எவ்ளோ நேரம் கீழ கெடந்திருப்பாங்க? பக்கத்து வூட்ல அரை மணி நேரம்தான்னு சொல்றாங்க. அவங்களும் நம்ம மனசு நோவக் கூடாதுன்னு சொல்லுவாங்கல்ல. ஒரு நாளு பூரா கெடந்திருக்காங்கடா. நாம ரெண்டு பேரும் இங்க இல்லாம. போதும்டா, நான் இனிமே குவைத்துக்குப் போகல."

நான் மருந்து அலமாரியைத் திறந்துகொண்டு நின்றேன். வேலை போய்விடும் என்றுதான் வியாழனன்று பயந்தேன். இப்படி ஒருவர் வந்து நின்று, நான் போட்ட பென்சில் குறியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார் என்று யோசிக்கவே இல்லை. அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் பொய் சொல்கிறவராக ஆக்கியிருந்தேன். மனசு கேட்கவில்லை.

அவர் போனை வைத்ததும் பக்கத்தில் போனேன்.

"தம்பி, அந்தப் புண்ணு வூட்ல வந்தது இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"திங்கக்கெழம ஒங்கம்மா முதுக நான்தான் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு. பக்கத்து வூட்டுல சொன்னது நெசம், அரை மணி நேரம்தான் கெடந்திருப்பாங்க. புண்ணு இங்க வந்தது. நான் திருப்பாம வுட்டதால வந்தது."

வட்டத்தைப் பற்றியும் ஃபேனைப் பற்றியும் அந்த மருமகளைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். இருபத்தெட்டு பேர் என்பதையும் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னால் சாக்கு ஆகிவிடும். கம்பியைத் தட்டியதையும் சொன்னேன். நான் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவர் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் என்னையே பார்த்தார். பிறகு, "தொழுதுட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நான் வார்டுக்குப் போய் கேஸ் ஷீட்டை எடுத்தேன். இடுப்பில் இருந்த பென்சில் குறியை ரப்பரால் அழித்தேன். வியாழனன்று பார்த்தது, எத்தனை நாள் திருப்பாமல் இருந்தது, யார் பொறுப்பு, எல்லாவற்றையும் நீல மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதை முழுதாகப் படித்தார். "சொல்லிட்டியா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன் சிஸ்டர்." அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார், அப்புறம் அந்தத் தாளின் ஓரத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். அடுத்த வாரம் எங்கள் இரண்டு பேருக்குமே மெமோ வந்தது. வேலை போகவில்லை, ஆள் இல்லாததே எங்களைக் காப்பாற்றியது.

ஒன்றரை மணிக்கு மகன் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார். நேராக என்னிடம் வந்து, "எப்படித் திருப்பறதுன்னு காட்டுங்க" என்றார். காட்டினேன். அம்மாவின் முழங்காலை மடக்கச் சொன்னேன், தோளையும் இடுப்பையும் ஒன்றாகப் பிடிக்கச் சொன்னேன், முதுகுக்குத் தலையணை எப்படி அண்டை கொடுப்பது என்று செய்து காட்டினேன். மருமகளும் எழுந்து வந்து, கேட்காமலேயே பாயம்மாவின் காலைப் பிடித்தாள். நல்லாத்தான் பிடித்தாள். பாயம்மா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, கடைசிவரை மகன்தான் வீட்டில் கட்டு மாற்றினார் என்று பிற்பாடு தெரிந்தது.

இரண்டு மணி நெருங்கியது. மேஜைக்குப் போய் மதிய ஷிப்டுக்கான தாளை எடுத்தேன். எண்களை எழுதி, ஆள் இருக்கிற கட்டில்களுக்கு வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். கை பழகிப்போனது, அது பாட்டுக்குப் போடும். பதினாலுக்கும் போட்டுவிட்டேன். மகன்தான் இருக்கிறாரே.

நிமிர்ந்தால் அவர் மேஜைக்கு முன்னால் நிற்கிறார். அம்மாவுக்குப் பால் ஊற்றுகிற நேரம் கேட்க வந்தவர், தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டம் என்றால் என்ன என்று காலையில் நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

"சிஸ்டர்" என்றார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சினார். "நான் கூடத்தான் இருக்கேன். இங்கேர்ந்து நவுர மாட்டேன். ஆனா எங்கம்மாவுக்கு ஆளு இருக்குன்னு மட்டும் எழுதாதீங்க."

ரப்பரை எடுத்து அழித்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போனார். அவர் போன பிறகு தாளைப் பார்த்தேன். இன்னும் பதினேழு வட்டங்கள் இருந்தன. ரப்பர் என் கையில்தான் இருந்தது. மதிய ஷிப்டுக்கு வந்த பெண் கைப்பையை மாட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அன்று அவள் ஒருத்திதான் வந்திருந்தாள். தாளை அப்படியே அவளிடம் கொடுத்தேன்.